ஞானப்பல்லை எடுக்கச் சொன்னால் என்ன கேட்பது, என்ன செய்வது

"எதிர்வீட்டு அக்காவுக்கு ஐம்பது வயதாகிறது. நான்கு ஞானப்பல்லும் அப்படியே இருக்கிறது. என் மகளுக்கு மட்டும் ஏன் எடுக்கச் சொல்கிறீர்கள்?"

வாரத்துக்கு ஒரு தடவையாவது இந்தக் கேள்வி என் காதில் விழுகிறது. சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் பல் மருத்துவமனையில் 22 ஆண்டுகளாக உதவியாளராக வேலை பார்க்கிறேன். டாக்டருக்கு எதிர்ப்பக்கம் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பேன். மரத்துப்போன வாயோடு வெளியே வருகிறவர்களை உட்காரவைத்து, வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்புவேன். அந்த அம்மா கேட்டது நியாயமான கேள்வி. பதில் தெரியாமல் நாற்காலியில் ஏறக் கூடாது. பதில் தெரியாமல் பயந்து ஓடவும் கூடாது.

முதலில் இந்தப் பல்லைப் பற்றி. ஆறு வயதை ஒட்டி முதல் கடைவாய்ப்பல் முளைக்கிறது. பன்னிரண்டை ஒட்டி இரண்டாவது. மூன்றாவதும் கடைசியுமானதுதான் ஞானப்பல். பெரும்பாலும் 17 முதல் 25 வயதுக்குள் வரும். மேலே இரண்டு, கீழே இரண்டு. சிலருக்கு ஒன்றோ இரண்டோ உருவாகாமலேயே போய்விடும், அதில் குறை ஒன்றும் இல்லை.

கடைசியாக வருகிறவனுக்கு இடம் இருக்குமா என்பதுதான் எல்லாவற்றுக்கும் வேர். கீழ்த்தாடை பின்னால் போகப் போக மேல்நோக்கித் திரும்பிக் காதுப் பக்கம் ஏறுகிறது. இரண்டாவது கடைவாய்ப்பல்லுக்கும் அந்தத் திருப்பத்துக்கும் நடுவே இருக்கும் இடத்தில் இந்தப் பல் நிற்க வேண்டும். நம் முன்னோர் கடினமானதை நிறைய மென்று தின்றவர்கள், அவர்களுடைய தாடை பெரியது என்று டாக்டர் சொல்லுவார். இன்று பலருக்குத் தாடை நீளம் போதவில்லை. பல்லின் அளவு மட்டும் அப்படியே இருக்கிறது. எதிர்வீட்டு அக்காவுக்குத் தாடையில் இடம் இருந்தது, பல் நேராக வந்தது, துலக்கும்போது பிரஷ் எட்டுகிறது. அவர் எடுக்க வேண்டிய தேவை இல்லை. அந்தப் பெண்ணுக்கு இடம் இல்லை.

அவளுடைய ஓ.பி.ஜி. எக்ஸ்ரேவை விளக்குப் பெட்டியில் மாட்டியபோது அம்மாவையும் பக்கத்தில் அழைத்துக் காட்டினேன். இரண்டு தாடையும் எல்லாப் பற்களும் ஒரே படத்தில் தெரியும் எக்ஸ்ரே அது. மற்ற பற்கள் வரிசையாக நிற்கின்றன. கடைசிப் பல் மட்டும் சாய்ந்து, பஸ்ஸில் முன்சீட்டின் முதுகில் நெற்றியை முட்டிக்கொண்டு தூங்குகிற ஆளைப் போல, முன்னால் இருக்கும் பல்லின் இடுப்பில் முட்டிக்கொண்டிருந்தது. அந்த முட்டலில் ஒரு சின்னக் கறுப்பு நிழல். அது சொத்தை. ஞானப்பல்லில் வந்ததில்லை, அதற்கு முன்னால் இருந்த, வாழ்நாள் முழுவதும் மெல்ல வேண்டிய நல்ல பல்லில் வந்த சொத்தை. அம்மா அதற்குப் பிறகு எதிர்வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

எடுக்கச் சொல்லும் காரணங்களில் நான் பெரிதாக நினைப்பது இதைத்தான். இரண்டு பல்லுக்கும் நடுவே பிரஷ் போகாது, நூல் போகாது. வலி தெரிவதற்குள் முன்னால் இருக்கும் கடைவாய்ப்பல்லின் பின்பக்கம் உள்ளே வரை அரித்திருக்கும். பிறகு அதற்கு வேர் சிகிச்சை, சில சமயம் அதையும் சேர்த்து எடுக்க வேண்டிய நிலை. உதவாத ஒரு பல்லுக்காக உழைக்கிற பல்லை இழப்பதைப் பார்க்க எனக்கு இன்றும் மனம் பொறுப்பதில்லை.

ஆனால் நோயாளிகளை எங்களிடம் ஓடிவர வைப்பது பெரும்பாலும் ஈறு வீக்கம். பல் பாதி வெளியே வந்து நின்றுவிடும். மீதியின்மேல் ஈறு ஒரு மூடியைப் போலப் படர்ந்திருக்கும். அந்த மூடிக்கு அடியில் சோறும் மீனும் போய்ச் சேரும், கிருமி பெருகும், ஈறு வீங்கும். வீங்கிய ஈறு மேல் பல்லில் கடிபடும். கடிபட்டதால் இன்னும் வீங்கும்.

என் தம்பி காசிமேட்டில் ஐஸ் ஏற்றுகிற வேலை செய்கிறான். அவனுக்கு ஒரே வருடத்தில் மூன்று தடவை இப்படி வீங்கியது. ஒவ்வொரு தடவையும் மருந்துக்கடையில் நான்கு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். பல் மருத்துவமனையிலேயே வேலை பார்க்கிற நானும், வீக்கம் வடிந்துவிட்டதே என்று விட்டுவிட்டேன். அது என் தவறு. நான்காவது தடவை அவன் வந்தபோது வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறந்தது. டாக்டர் ஊசி முனையை வளைத்து ஈறு மூடிக்கு அடியில் விட்டு உப்புநீரைப் பீச்சினார். நான் குழாயை வைத்து உறிஞ்சினேன். முதலில் சீழ், பிறகு கஞ்சி போல வெள்ளையாக ஏதோ, கடைசியில் நகத்துண்டு அளவு ஒரு மீன் முள். அந்த நாற்றம் முகக்கவசத்தையும் தாண்டி வந்தது. எத்தனை நாள் அந்த முள் அங்கே கிடந்ததோ. மாத்திரை வீக்கத்தை வடியவைத்தது. மூடியும் முள்ளும் இருந்த இடத்திலேயே இருந்தன. வாய் திறக்க வந்த பிறகு, பத்து நாள் கழித்து அந்தப் பல்லை எடுத்தோம்.

மற்ற காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஞானப்பல்லிலேயே அடைக்க முடியாத சொத்தை. எலும்புக்குள் புதைந்த பல்லைச் சுற்றி நீர்க்கட்டி உண்டாகித் தாடையை உள்ளுக்குள் அரிப்பது. மேல் ஞானப்பல் கன்னத்தை நோக்கி வளர்ந்து கடித்துக் கடித்துப் புண்ணாக்குவது. நீர்க்கட்டி அபூர்வம்தான், ஆனால் வலிக்காமல் வளரும்.

எடுக்கத் தேவையில்லாத காரணமும் ஒன்று உண்டு. "ஞானப்பல் தள்ளுவதால் முன்பற்கள் கோணலாகின்றன, எடுத்துவிடுங்கள்" என்று பலர் வருகிறார்கள். ஆய்வுகள் அதை உறுதி செய்யவில்லை. வயது ஏற ஏற ஞானப்பல் இல்லாதவருக்கும் கீழ் முன்பற்கள் கொஞ்சம் நெருங்கத்தான் செய்யும். பிரிட்டனில் நைஸ் என்ற அரசு வழிகாட்டி அமைப்பு, நோய் ஏதும் இல்லாத ஞானப்பல்லை முன்னெச்சரிக்கை என்ற பெயரில் எடுக்க வேண்டாம் என்று 2000-ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. தொல்லை கொடுக்காமல் புதைந்து கிடக்கும் பல்லை ஆண்டுக்கொரு முறை பார்த்து, அவ்வப்போது படம் எடுத்துக் கண்காணித்தால் போதும் என்று எங்கள் டாக்டரும் பலரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

வலி தொடங்கினால் வீட்டில் என்ன செய்வது

உங்கள் மூன்று விரல்களைச் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, முன்பற்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். சாதாரணமாக மூன்றும் போகும். இரண்டு விரலோ ஒரு விரலோதான் போகிறது என்றால் தசை இறுகியிருக்கிறது, தொற்று பரவத் தொடங்கியிருக்கலாம். அன்றே போய்க் காட்டுங்கள். மாவா, பான், புகையிலை போடுகிறவர்களுக்கு வலி இல்லாமலேயே வாய் திறப்பு குறைந்திருந்தால் அது வேறு நோய், வாய்ப்புற்றுநோய்க்கு முன்வாசல் ஆகக் கூடியது. அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். எங்கள் பகுதியில் இருபது வயதுப் பையன்களிடம்கூட இதைப் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது.

வெதுவெதுப்பான நீரில் அரை ஸ்பூன் கல் உப்புப் போட்டு நாளுக்கு நான்கைந்து தடவை கொப்பளியுங்கள். வலிக்கிறது என்று அந்தப் பக்கம் துலக்காமல் விடாதீர்கள், மென்மையான பிரஷ்ஷால் மெதுவாகத் துலக்குங்கள். கிராம்பு எண்ணெய் கொஞ்ச நேரம் மரக்கவைக்கும், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பஞ்சை நனைத்து இரவு முழுவதும் அடக்கிவைத்தால் ஈறும் கன்னமும் வெந்துபோகும். மாத்திரையைப் பொடித்து ஈறில் வைப்பதும் அப்படித்தான் புண்ணாக்கும். புகையிலையை அடக்கிவைப்பது வேண்டவே வேண்டாம். வீங்கிய கன்னத்தில் வெளியே சூடான ஒத்தடமும் சுண்ணாம்புப் பற்றும் வேண்டாம்.

சில அறிகுறிகளுக்குக் காலை வரை காத்திருக்கக் கூடாது. எச்சில்கூட விழுங்க முடியவில்லை, நாக்குக்கு அடியிலும் கழுத்திலும் வீக்கம் இறங்குகிறது, குரல் மாறுகிறது, மூச்சு வாங்குகிறது, குளிர் காய்ச்சல் அடிக்கிறது என்றால் நடு இரவானாலும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஆட்டோ பிடித்துப் போய்விடுங்கள். பல்லில் தொடங்கிய தொற்று மூச்சுக்குழாயை அடைக்கும் அளவுக்குப் போக முடியும்.

எங்கே போவது, என்ன கேட்பது

பணம் ஒரு கவலை என்றால், 1953-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வண்ணாரப்பேட்டையிலிருந்தோ ராயபுரத்திலிருந்தோ மின்சார ரயிலில் கடற்கரை நிலையம் போய், அங்கே தாம்பரம் வண்டி ஏறினால் அடுத்த நிலையம் கோட்டை. மருத்துவமனை அதற்கு எதிரே. கூட்டம் இருக்கும், காலையிலேயே போங்கள். "மாணவர்கள் எடுப்பார்களே" என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: மேற்பார்வைக்குப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள், கடினமான ஞானப்பற்களை அன்றாடம் பார்க்கிற இடம் அது.

எங்கே போனாலும் படத்தைக் காட்டச் சொல்லி மூன்று கேள்வி கேளுங்கள். என் பல்லை எடுக்க என்ன காரணம்? எடுக்காமல் விட்டால் என்ன ஆகும்? கீழ்த்தாடை நரம்பு இந்த வேருக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது?

மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலானோர் கேட்பதில்லை. கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு குழாய் ஓடுகிறது, படத்தில் இரண்டு வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். அதற்குள் போகும் நரம்புதான் கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்வு கொடுக்கிறது. சிலருக்கு வேர் அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும். எடுக்கும்போது நரம்பு அழுந்தினால் உதடு மரத்துப்போகும். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும், மிகச் சிலருக்கு நிலைத்துவிடும். நாக்குக்குப் போகும் நரம்புக்கும் இதே ஆபத்து உண்டு. அதனால்தான் வேர் நெருக்கமாகத் தெரிந்தால் முப்பரிமாண ஸ்கேன் எடுக்கச் சொல்லுவார்கள். அது வீண் செலவில்லை. மிகவும் நெருக்கமாக இருந்தால், பல்லின் மேல்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து வேரை உள்ளேயே விடும் முறையும் இருக்கிறது.

நாற்பது வயதுக்கு மேல் எடுப்பதைவிட இருபதுகளில் எடுப்பது எளிது. சிலருக்கு வேர் இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது, எலும்பு இளகலாக இருக்கும், புண்ணும் சீக்கிரம் ஆறும். எடுக்கக் காரணம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு தள்ளிப்போடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா, இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்தது, ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை, எலும்புத் தேய்மானத்துக்குப் போடும் ஊசி, கர்ப்பம், எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்பது எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லுங்கள். மாத்திரை அட்டைகளைக் கையோடு கொண்டுவாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட்டு வராதீர்கள். அதை நிறுத்துவதா வேண்டாமா என்று இரண்டு டாக்டர்களும் பேசி முடிவு செய்ய வேண்டும்.

மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை போய்விடும் என்ற பயம் இன்னும் இருக்கிறது. ஒரு பாட்டி பேரனைக் கதவு வரை வந்து இழுத்துக்கொண்டு போனார். பார்வை நரம்பு வேறு, பல்லுக்கு வரும் நரம்பு வேறு. பார்வை போகாது.

எடுக்கும் நாள்

வாயில் மட்டும் ஊசி போட்டு எடுப்பதென்றால் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். பயத்தில் வெறும் வயிற்றோடு வந்து, ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழுந்தவர்களைப் பலமுறை பிடித்திருக்கிறேன். இரண்டு இட்லி போதும். முழு மயக்கம் கொடுப்பதாக இருந்தால் மட்டும் அவர்கள் சொல்லும் நேரத்திலிருந்து ஒன்றும் சாப்பிடக் கூடாது.

ஈறை வெட்டி விலக்கி, தேவைப்பட்டால் சுற்றியிருக்கும் எலும்பைக் கொஞ்சம் செதுக்கி, பல்லை இரண்டு மூன்று துண்டாக்கி எடுப்பார்கள். கருவி சுற்றும் சத்தம் மண்டைக்குள் கேட்கும், தாடையை யாரோ அழுத்துவது போலத் தெரியும். வலிக்கக் கூடாது. வலித்தால் இடது கையைத் தூக்குங்கள், இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள். பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. என்னிடம் வருகிறவர்களுக்கு நான் ஒரு கையைக் கொடுத்துவிடுவேன், பிடித்துக்கொள்ளட்டும்.

வீட்டுக்குப் போன பிறகு

பஞ்சை அரை மணி முதல் ஒரு மணி நேரம் அழுத்திக் கடித்திருங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். எச்சிலை விழுங்குங்கள், துப்பாதீர்கள். முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கவும் வேண்டாம், ஸ்ட்ரா போட்டு உறிஞ்சவும் வேண்டாம். எச்சிலில் இளஞ்சிவப்பாக ரத்தம் கலந்து வருவது இயல்பு. வாய் நிறைய ரத்தம் வந்தால் புதுப் பஞ்சை வைத்து அழுத்திக் கடித்துக்கொண்டு தொலைபேசியில் கூப்பிடுங்கள். மரப்பு விலகும் முன்பே முதல் வலி மாத்திரையைப் போட்டுவிடுங்கள். உதடு மரத்திருக்கும்வரை சூடான டீ வேண்டாம், வெந்தது தெரியாது.

ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கன்னத்தின் வெளியே பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து, அதே அளவு நேரம் விட்டு, மறுபடியும் வையுங்கள். முதல் நாள் மட்டும். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாள் கூடும், பிறகு இறங்கும். மறுநாளிலிருந்து உப்புநீரை வாயில் வைத்துத் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துக் கீழே விழவிடுங்கள்.

சாப்பாட்டில்தான் பலர் தவறுகிறார்கள். தயிர்சாதம் நல்லது என்று கொடுத்துவிடுவார்கள், அதில் தாளித்த கடுகு இருக்கும். ஒரு கடுகு அந்தக் குழிக்குள் போனால் பிறகு படாத பாடுதான். தாளிக்காத மோரில் கரைத்த கேழ்வரகுக் கூழ், ஆறிய பருப்பு மசியல், இட்லியைப் பாலில் ஊறவைத்தது, இளநீர் என்று இரண்டு மூன்று நாள் ஓட்டுங்கள். கூழுக்குத் தொட்டுக்கொள்ளக் கருவாடு வேண்டாம். மீன் குழம்பு மணக்கிறது என்றால் ஆறிய குழம்பில் சோற்றைக் குழைத்து எதிர்ப்பக்கமாக விழுங்குங்கள், மீனுக்கு ஒரு வாரம் போகட்டும். அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ், முறுக்கு, சிப்ஸ் எல்லாம் அதற்கும் பிறகுதான்.

பீடி, சிகரெட், மாவா எதுவும் கூடாது. குழிக்குள் உறைந்து நிற்கும் ரத்தம்தான் எலும்புக்குப் போர்வை. புகை இழுக்கும்போதும் பலமாகத் துப்பும்போதும் அது பெயர்ந்துவிடலாம். பெயர்ந்தால் எலும்பு வெறுமையாகிவிடும். எடுத்த அன்று இருந்ததைவிட இரண்டாம் மூன்றாம் நாள் வலி அதிகமாகிக் காது வரை இழுத்தால், வாயில் கெட்ட வாடை வந்தால், அதுதான். வீட்டில் மாத்திரை போட்டுப் போட்டுத் தாங்காதீர்கள். நேரே வாருங்கள், கழுவி மருந்துத் துணி வைத்தால் பெரும்பாலும் சீக்கிரமே ஆசுவாசம் கிடைக்கும். மாத்திரைச் சீட்டில் கிருமிக்கொல்லி எழுதியிருந்தால் சொன்ன நாள்வரை போடுங்கள். அந்த நாட்களில் மது கூடாது, சில மாத்திரைகளோடு சேர்ந்தால் வாந்தியும் படபடப்பும் வரும்.

ஏழாம் நாள் தையல் பிரிக்க வாருங்கள். தானே கரையும் நூலாக இருந்தாலும் வந்து காட்டுங்கள். குழி மூடப் பல வாரம் ஆகும், உள்ளே எலும்பு நிரம்ப மாதக்கணக்காகும். அதுவரை சாப்பிட்ட பிறகு கழுவிக்கொள்ள ஊசி இல்லாத ஒரு பீச்சுகுழாயைக் கையில் கொடுத்து அனுப்புவேன். முதல் சில நாட்கள் கழிந்த பிறகு, டாக்டர் சொன்னதும் பயன்படுத்துங்கள்.

ஓ.பி.ஜி. படத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மடித்துப் பர்ஸிலும் வைக்காதீர்கள். காலண்டருக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவையுங்கள். மறுபக்கத்துப் பல்லைப் பற்றிப் பேச வரும்போது அதைக் கையோடு கொண்டுவர வேண்டும்.